தண்ணீர் வரும் நேரம்

ஃபேபியோலா மிஸ் அந்த நவம்பரில் இருபத்து மூன்று சிபாரிசுக் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. மராத்தி பேசும் நகரம் ஒன்றில், ஔந்து என்ற பகுதியில் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர் அவர். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கில மிஸ்ஸிடம்தான் வந்து நிற்பார்கள். இருபத்திரண்டை எழுதி முடித்துவிட்டார். கடைசியாக ஒன்றில் மாட்டிக்கொண்டார்.

அது டானியா ஆபிரகாமுடையது. இரண்டு வருடமாக ஜன்னல் ஓரத்து மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற பெண். எழுபதுக்கு மேல், எண்பதுக்குக் கீழ் மார்க். யாரோடும் சண்டை இல்லை, எந்தப் பரிசும் இல்லை. 'பொறுப்பானவள், கடின உழைப்பாளி' என்று தட்டச்சு செய்துவிட்டு, அதையே ஏற்கெனவே நாலு பேருக்கு எழுதியிருப்பது ஞாபகம் வர, அழித்தார். இரண்டு வருடம் தினமும் பார்த்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒரு வரி கூடத் தன்னிடம் இல்லை என்பது அவருக்கே கூச்சமாக இருந்தது.

கடிதத்துக்கு உதவியாக மாணவர்கள் தங்களைப் பற்றி நிரப்பித் தரும் தாளை எடுத்துப் பார்த்தார். 'பெருமைப்படும் சாதனை' என்ற இடத்தில் டானியா எழுதியிருந்தது: 'ஒன்றும் இல்லை.' 'பிடித்த பொழுதுபோக்கு' என்ற இடத்தில்: 'தண்ணீரைப் பார்ப்பது.'

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டார். "தண்ணீரைப் பார்ப்பதுன்னா என்னம்மா? நீச்சலா?"

"இல்ல மிஸ். சும்மா பார்ப்பேன்." பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பள்ளியில் எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். அந்தப் பெண் அதிலும் சிக்கனம்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷீலாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, ஷீலா உடனே நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணா? ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் தினம் காலைல வருவாளே. மராத்தி பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கும் பாருங்க, எந்த அணையில எவ்வளவு தண்ணின்னு. அத மட்டும் நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிடுவா. மூணு வருஷமா."

"எதுக்காம்?"

"நான் கேட்டதில்லையே," என்றார் ஷீலா.

ஃபேபியோலாவுக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அன்று மாலையே கூப்பிட்டார். டானியாவின் அப்பா எடுத்தார். தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளர் வேலை. தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசியவர், போனைக் கையால் மூடாமலே உள்ளே பார்த்துத் தமிழில் கத்தினார்: "ஏட்டி டானியா! உங்க டீச்சர் கூப்புடுதாங்க. என்னட்டி செஞ்ச?"

ஃபேபியோலா சிரித்துவிட்டார். "ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. நானும் தூத்துக்குடிதான்."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "ஏ ஆத்தா! நாங்க நாசரேத்து. எங்கப்பா காலத்துல இங்க வந்தது. சனிக்கிழம வீட்டுக்கு வாங்க டீச்சர்."

ஆபிரகாம் என்ற பெயரை வைத்து அந்தப் பெண்ணை இரண்டு வருடமாக மலையாளி என்றே நினைத்திருந்தார் ஃபேபியோலா.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் போனார். பவனா ஆறு மூளா ஆற்றில் போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பவனாவின் கரையை ஒட்டி இறங்கும் சந்தில் வீடு. மழைக்காலம் போய் ஆறு அமைதியாக, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. சந்தின் முகப்பில் ஒரு சுவர். அதில் தரையிலிருந்து ஆள் உயரம் வரை நீலப் பெயின்ட்டில் கோடுகள், பக்கத்தில் தேதிகள்.

"இது யார் போட்டது?"

"நான்தான் மிஸ்," என்றாள் டானியா, அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. தமிழில் பேசியபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. சொற்களைத் தேடினாள், ஆனால் தேடிப் பேசினாள்.

வீட்டுக்குள் போனதும் அப்பா ஆபிரகாம் அலமாரியிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்து வந்து போட்டார். "இவ எட்டாப்பு படிக்கும்போது வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. ரெண்டு நாளு மாடி வீட்ல கிடந்தோம். அன்னைலருந்து இவ இதத்தான் பாத்துக்கிட்டே இருக்கா. சோறு திங்கக் கூப்பிட்டாலும் வரமாட்டா."

ஃபேபியோலா நோட்டைப் புரட்டினார். மேலே அணையில் எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், இங்கே சுவரில் எத்தனை மணிக்கு எந்தக் கோடு. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம்.

"அங்க தொறந்தா இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு மணி நேரம் மிஸ். நிறைய தொறந்தா ஏழு." கேட்ட வேகத்தில் பதில் வந்தது. "சந்துல எல்லாரும் என்கிட்டதான் கேப்பாங்க, எப்ப சாமான் ஏத்தணும்னு."

"இவ்வளவு பெரிய விஷயம்! இத ஏன் தாள்ல எழுதல?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வைஷாலி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். புடவைகளுக்கு ஃபால் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பவர். விருந்தாளி வந்திருப்பது பள்ளிக்கூடத்திலிருந்து என்று வைஷாலிக்குத் தெரிந்ததும் டானியா சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ஜூலையில நடந்ததச் சொன்னாளா?" என்றார் வைஷாலி இந்தியில். "காலைல அஞ்சு மணிக்கு அணை தொறந்தாங்க. இவ கணக்குப் போட்டு ஒரு மணிக்கு முன்னால தண்ணி வராதுன்னு சொன்னா. நான் தச்ச புடவையெல்லாம் எடுத்துக்கிட்டு கட்கி பஜாருக்குப் போயிட்டேன். பத்தரைக்கே வந்திருச்சு. திரும்பி வந்து பாத்தா முட்டளவு. மெஷின் மோட்டார் போச்சு."

"ஐயையோ."

"எனக்குக் கோபம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் பேசல. ஆனா இந்தப் பொண்ணு மூணு நாள் பள்ளிக்குப் போகாம என்கூட உக்காந்து மெஷினத் தொடச்சா." தட்டை வைத்துவிட்டு வைஷாலி போய்விட்டார்.

டானியா வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அதனாலதான் மிஸ் ஒண்ணும் இல்லன்னு எழுதினேன்."

ஃபேபியோலாவுக்கு ஆறுதல் சொல்லத்தான் வாய் எழுந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "எட்டு மணி நேரம் எடுக்குற தண்ணி எப்படி அஞ்சரை மணி நேரத்துல வந்துச்சு?"

டானியாவின் முகம் மாறியது. இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று நாலு மாதமாகக் காத்திருந்தவள் போல, செருப்பை மாட்டிக்கொண்டு "வாங்க மிஸ்" என்றாள்.

சந்து முடியும் இடத்தில், கரையில் நின்று போனை எடுத்தாள். ஜூலையில் அன்று பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எடுத்த வீடியோ. பழுப்புத் தண்ணீர், கூச்சல், மிதக்கும் பிளாஸ்டிக் வாளி.

"ஆகாயத்தாமரையப் பாருங்க. எந்தப் பக்கம் போகுது?"

ஃபேபியோலா பார்த்தார். எதிரே இருந்த ஆற்றைப் பார்த்தார். மறுபடி வீடியோவைப் பார்த்தார். "மேல போகுதே!"

"ஆமா மிஸ்! தண்ணி மேலருந்து வரல. கீழருந்து வந்துச்சு. அன்னைக்கு மூளாவும் ஃபுல். ரெண்டு ஆறும் ஒரே பாலத்துக்குக் கீழ போகணும்ல? அங்க எடம் பத்தல. எங்க ஆறு அப்படியே நின்னு, திரும்பி ஏறிடுச்சு. நான் இந்த ஒரு ஆற மட்டும்தான் அளந்தேன்." மூச்சு வாங்கினாள். "இத நான் ஆகஸ்ட்லதான் கண்டுபிடிச்சேன். இந்த வீடியோவ அம்பது தடவ பாத்திருப்பேன்."

"அப்ப மூளா எவ்வளவு ஏறினா உங்க ஆறு நிக்கும்?"

"தெரியல மிஸ்." வருத்தமே இல்லாமல் சொன்னாள். "அதத்தான் படிக்கணும்."

இருவரும் ஹாரிஸ் பாலம் வரை நடந்து போய் இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தைப் பார்த்தார்கள். ஃபேபியோலா தினமும் வண்டியில் கடக்கும் பாலம்தான். கீழே எட்டிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு தண்ணீர் கொஞ்சம் பச்சையாகவும் மற்றது கருப்பாகவும் இருந்தது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகவே ஓடின.

"நீ தப்பாச் சொன்னத நான் கடிதத்துல எழுதட்டுமா?"

"வேண்டாம் மிஸ். சீட் தரமாட்டாங்க."

"தராமலும் போகலாம். ஆனா அத விட்டுட்டா உன்னப் பத்தி எனக்கு எழுத ஒண்ணும் இல்ல."

டானியா கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்துத் திரும்பினாள். "வைஷாலி ஆன்ட்டிய கேக்கணும். நஷ்டம் அவங்களுக்குத்தானே."

திரும்பிப் போய்க் கேட்டார்கள். வைஷாலி ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார்: "எழுதுங்க. ஆனா நான் ரெண்டு நாள்தான் பேசாம இருந்தேன்னு எழுதுங்க. நாலு நாள்னு எழுதிடாதீங்க."

ஃபேபியோலா எழுதினார். அடித்துத் திருத்தாமல் ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டு நாள் என்றே எழுதினார்.

மார்ச்சில், டானியா விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் நேர்காணல். வீடியோவில் மூன்று பேராசிரியர்கள். முதல் கேள்வியே அந்தப் பத்தரை மணியைப் பற்றித்தான். டானியா விளக்கிவிட்டு, "ஒரு ஆறு இன்னொண்ண எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கும் சார்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்ட பேராசிரியர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அது பல விஷயங்களைப் பொறுத்தது, உங்கள் இடத்துக்கு எனக்குத் தெரியாது என்றாராம். இதைச் சொல்லும்போது டானியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெரிய புரொஃபசர் மிஸ்! அவருக்கும் தெரியல!"

ஏப்ரலில் இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு, வெளிமாநிலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே. ஆபிரகாம் ஒரு கிலோ பேடாவோடு பள்ளிக்கே வந்துவிட்டார். டானியா மட்டும், "அடுத்த மழைக்கு யார் பாப்பாங்க?" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். வைஷாலிதான் அந்தப் பேச்சை முடித்தார். "இருபது வருஷமா டேப் வச்சு அளக்குறேன். எனக்கு ஒரு சுவர அளக்கத் தெரியாதா?" பாலத்தின் தூணிலும் ஒரு கோடு போட்டாயிற்று, மூளாவுக்காக.

ஆகஸ்ட் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டானியா விடுதியிலிருந்து ஃபேபியோலாவைக் கூப்பிட்டாள்.

"சாப்பாடு எப்படிம்மா?"

"பரவால்ல மிஸ். இங்க ஆறே இல்ல. ஆனா ஹாஸ்டல் பின்னாடி ஒரு குளம் இருக்கு. மழையே இல்ல, அது குறையவும் மாட்டேங்குது. தண்ணி எங்கருந்து வருதுன்னு வாட்ச்மேன், மெஸ் அண்ணன், ரெண்டு சீனியர் எல்லாரையும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாலு பேரும் நாலு மாதிரி சொல்றாங்க மிஸ்."