பனி நாட்டு ஏரியும் எங்கள் பீலியும்

என்னை வாய்க்காரி என்று எங்கள் லயத்தில், இந்தக் கூலிக்காரர் வீட்டு வரிசையில், எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். வாய் இல்லாவிட்டால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எங்களை நாய்கூட மதிக்காது. ஆனால் எண்பதாம் வருஷத்தில் என் வாயும் கையும் சேர்ந்து ஒரு காரியம் செய்துவைத்தன.

பசறையிலிருந்து மேலே ஏறிவரும் ரோட்டில் எங்கள் மேல் டிவிசன் லயம்தான் கடைசி. அதற்கு மேலே காடு. காட்டுக்குள்ளே ஒரு குளம். ஆறோ ஓடையோ அதில் வந்து விழாது, மழையும் மூடுபனியும்தான் அதை நிரப்பும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக நாங்கள் குடம் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் வரும். பதினெட்டுக் குடும்பங்களுக்கும் குடிக்க, குளிக்க, சமைக்க அந்த ஒரு பீலிதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் பதுளைத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்திலிருந்து நஸீர் என்ற ஆள் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு பேனா வைத்திருப்பவனையே நான் நம்புவதில்லை.

"குளத்துத் தண்ணி கொஞ்சம் வேணும் அக்கா. மாசத்துக்கு ஒரு போத்தல் போதும்," என்றான்.

"எதுக்கு?"

அவன் பெட்டியை இறக்கிவைத்து விளக்கினான். உலகத்தின் உச்சியில் பனிக்கட்டி நாட்டில் சில ஏரிகள் இருக்கின்றனவாம். எங்கள் குளத்தைப் போலவே அவற்றிலும் ஆறு வந்து சேராதாம். காற்றில் என்ன கலந்தாலும், வெயில் கூடினாலும், மழை குறைந்தாலும், அந்தத் தண்ணீரின் உப்பிலும் புளிப்பிலும் அது தெரிந்துவிடுமாம். வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் மாதாமாதம் அதை அளந்து எழுதுகிறார், பூமி சூடாகிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கிறார், அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சூட்டு நாட்டு மலைக்குளம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார் என்றான்.

"அந்தப் பனிக்கட்டி ஏரிக்கும் எங்க பீலிக்கும் என்ன தம்பி கொடுக்கல் வாங்கல்? மாமனா, மச்சானா?" என்று கேட்டேன்.

நின்றவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. களவு உள்ளவன்தான் ஏச்சுக்கும் சிரிப்பான்.

நான் சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சங்கிலி பிடித்து அளக்க இரண்டு பேர் வந்தார்கள். "சும்மா ஒரு கணக்குக்கு" என்றார்கள். ஆறே மாதத்தில் எங்களுக்குக் கீழே இருந்த லயத்தை இடித்துப்போட்டு, அங்கிருந்த சனத்தைத் திசைக்கொன்றாகப் பிரித்துவிட்டார்கள். அளக்க வந்தவன் எவனும் எங்களுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

எங்கள் சங்கத் தலைவர் வீரய்யா என்னைத் தனியே கூப்பிட்டார். "தோட்டத்துத் தொரை சரின்னுட்டாரு. நாம மாட்டேன்னா வேற ஆளை வச்சு எடுப்பாங்க. நீயே எடு, ஜெயலெட்சுமி. என்ன நடக்குதுன்னு நம்ம கண்ணுக்கு முன்னால இருக்கும்ல."

அப்படித்தான் போத்தல் என் கைக்கு வந்தது. நஸீர் பத்துத் தரம் சொன்னான்: "நீங்க கழுவ வேணாம் அக்கா. நாங்க மருந்து போட்டுக் கழுவித்தான் கொண்டுவாறோம். குளத்துத் தண்ணியாலேயே மூணு தரம் அலசிட்டு நிரப்புங்க. வேற ஒண்ணும் செய்யப்படாது."

கழுவாதே என்று சொல்லுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மருந்தாம், மருந்து! என்ன மருந்து? இவனே எதையாவது உள்ளே தடவிக் கொண்டுவந்து, பிறகு தண்ணீர் கெட்டது என்று எழுதி, எங்களைக் கிளப்பப் பார்க்கிறானோ? அதோடு இன்னொன்றும் இருந்தது. டவுன்காரர்கள் எங்களை அழுக்குச் சனம் என்று பேசுவது எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து கழுவாத பாத்திரம் ஒன்று வெளியே போவதா? அது என் பிறப்பிலேயே இல்லை.

அவன் தலை மறைந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளினேன். போத்தலுக்குள்ளே போட்டு, தேங்காய் நாரைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டு, பளிச்சென்று துலக்கினேன். பீலியில் ஒரு தரம் அலசினேன். பிறகு குளத்துக்கு ஏறி நிரப்பிக் கொண்டுவந்தேன். இனி உன் மருந்து என்ன செய்யும் பார்ப்போமடா என்று எனக்குள்ளே ஒரே கெக்கலிப்பு.

எட்டு மாதம் இப்படியே போனது. அவன் வருவான், போத்தலை வாங்குவான், வேறு போத்தல் தருவான், எழுதுவான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி நான் மறித்து நிற்பேன். "தேதி, நேரம், தண்ணியோட சூடு, அவ்வளவுதான் அக்கா," என்பான். பகையாளி வந்தாலும் எங்கள் லயத்தில் ஒரு பிளேன்டீ உண்டு. அவனுக்கு நான் அதுகூடக் கொடுக்கவில்லை. மற்றவர்களையும் கொடுக்கவிடவில்லை. "வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பாதீங்கடி," என்று வீட்டுக்கு வீடு சொல்லிவைத்தேன். என் மருமகள் அவனைப் பார்த்து ஒருநாள் சிரித்ததற்கு அவளையும் பிடித்து ஏசினேன்.

ஐப்பசியில் ஒரு காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் தொரை வந்து சொன்னார். மேல் குளத்துத் தண்ணீரில் பொட்டாஸ் கூடியிருக்கிறது, ஏதோ உரம் இறங்குகிறது, பதுளையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இன்றோடு பீலியை அடைக்கவேண்டும். தண்ணீர் இல்லாத லயம் லயமில்லை, ஆகவே அடுத்த மாதம் முதலாம் தேதி மேல் லயம் காலியாக வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர்களை வாசித்தார். என் மகனும் மருமகளும் தெமோதரைப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்கு. நான் கீழ் டிவிசனுக்கு, யாரோ ஒருவரின் ஒற்றை அறைக் காம்பராவில் பாதிக்கு.

மருமகளுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். எனக்கு அவளை விட்டால் வீடு இல்லை, அவளுக்கு என்னை விட்டால் பிரசவம் பார்க்க ஆள் இல்லை.

"நான் சொன்னேன், கேட்டீங்களா?" என்று அந்தக் களத்திலேயே கத்தினேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பீலியை அடைத்தார்கள். தண்ணீருக்கு, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்கு இறங்கவேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல், முழுக்க மேடு. மூன்றாம் நாள் மருமகள் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, முழங்கால் தோலோடு போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஸீர் வந்தான். லயமே திரண்டு அவனைச் சுற்றிக்கொண்டது. நான் முன்னால் நின்றேன்.

"நீதானே அந்தக் காயிதத்தை எழுதினே?"

"ஆமா, நான்தான் எழுதினேன். ஜனங்க குடிக்கிற தண்ணியாச்சே, உரம் இறங்குதான்னு பாருங்கன்னு எழுதினேன். லயத்தைக் கிளப்பச் சொல்லி எழுதல்லையே!"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்! நீயே போத்தல்ல வெசத்தைத் தடவிக் கொண்டாந்துட்டு!"

அவனுக்கு முகம் சிவந்துபோனது. முதல் தடவையாக அவனும் சத்தம் போட்டான். "அப்ப வாங்க, இப்பவே பாப்போம். தலைவர் கையாலேயே பாக்கட்டும்."

பெட்டியிலிருந்து முள் வைத்த ஒரு கருவியை எடுத்தான். தண்ணீரில் உப்போ காரமோ இருந்தால் முள் ஏறும் என்றான். வீரய்யாவே குளத்துக்குப் போய், நஸீர் புதிதாகக் கொண்டுவந்த போத்தல் ஒன்றில் அவன் சொன்னபடியே அலசி, நிரப்பிக் கொண்டுவந்தார். கருவியின் கம்பியை அவரே உள்ளே விட்டார். முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். பிறகு அந்த மாதத்துக்கு நான் நிரப்பி வைத்திருந்த போத்தலில் விட்டார். முள் விருட்டென்று ஏறியது.

"ரெண்டும் ஒரே குளந்தானே?" என்றார் வீரய்யா.

நஸீர் என் பக்கம் திரும்பினான். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை. "அக்கா, நீங்க எப்படி எடுக்கிறீங்க? ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

எனக்கு என்ன பயம்? மடியில் கனமில்லை. எல்லார் முன்னாலும் ஒரு போத்தலை எடுத்து, அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி, நாரை விட்டு, என் கைத்திறமை தெரியும்படி துலக்கினேன். சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் துலக்குவார்கள்.

நஸீர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். "யா அல்லாஹ்! ஒவ்வொரு மாசமுமா?"

"பின்னே? அழுக்குப் போத்தலையா குடுத்தனுப்புவோம்?"

"அக்கா, அந்தச் சாம்பல்தான் பொட்டாஸ். இந்தக் குளத்துத் தண்ணி மழைத்தண்ணி மாதிரி வெறும் தண்ணி. ஒரு பொட்டுச் சாம்பல் ஒட்டியிருந்தாலும் காட்டிரும். அந்தப் பனிக்கட்டி ஏரியும் இப்படித்தான்." கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். "எட்டு மாசம் போச்சு. போன மாசத்துத் தண்ணிய இனி எங்க போய் அள்றது?"

பதினெட்டு வீட்டுக்கும் தண்ணீரை அடைத்தது தொரை இல்லை, நஸீர் இல்லை, நான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன்.

ஒரு வழி இருக்கிறது என்றான் நஸீர். அந்த எண்கள் தப்பு என்று அவன் எழுதுவான். ஆனால் அவன் எழுதினால் மட்டும் போதாது. தண்ணீர் எடுத்த ஆள், சாம்பல் போட்டது நான்தான் என்று கைநாட்டு வைத்தால் தொரை உத்தரவை எடுத்துவிடுவார்.

கைநாட்டு! எழுபத்தொன்றில் என் அக்கா ஒரு பாரத்தில் கைநாட்டு வைத்தாள். என்ன பாரம் என்று அவளுக்கும் தெரியாது. அடுத்த வருஷம் இந்தியாவுக்கு என்று தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செத்தாலும் எந்தக் காகிதத்திலும் விரலை வைக்காதே என்று இந்த லயத்துக்கே ஓதியவள் நான்.

வீரய்யாவும் அதையே சொன்னார். "வைக்காதேன்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே? இங்கிலீசுக் காயிதம் வேற. அதுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? வச்சா அது ஒன் பாடு."

இரண்டு நாள் நான் ஆபீஸ் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மருமகள் மேட்டில் பாதியிலே குடத்தை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நஸீர் காகிதத்தோடு காத்திருந்த தோட்டத்து ஆபீசுக்கு நேரே நடந்தேன். நஸீர் அந்தக் காகிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன்.

நான்காம் நாள் பீலியைத் திறந்துவிட்டார்கள். லயம் அங்கேயே இருக்கலாம் என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். நான் முதல் ஆளாக ஓடிப்போய்க் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து, மருமகளின் அடுப்படியில் இறக்கினேன்.

அவள் அந்தக் குடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தே, அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்திச்சி?"

"தண்ணி நல்ல தண்ணி, நான்தான் சாம்பலைப் போட்டுக் கெடுத்தேன்னு. நஸீர் வாசிச்சுக் காட்டினான்டி."

"அவன் வாசிச்சதுதான் எழுதியிருந்திச்சா?"

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிவைத்தவளே நான்.

அவள் குடத்தைச் சரித்து வாசலில் ஊற்றினாள். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, ஓடுகிற பீலியைத் தாண்டி ஆற்றுப் பாதையில் இறங்கிப்போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் குடத்தோடு போனார்கள்.