நிறமில்லாத மருந்து

எங்கள் டயாலிசிஸ் வார்டுக்கு அந்த மருந்தைக் கொண்டுவரச் சண்டை போட்டவளே நான்தான். கழுத்து நரம்பில் குழாய் வைத்தவர்களுக்கு, குழாய் நுழையும் இடத்துத் தோலை எதைக்கொண்டு துடைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. அந்த ஓட்டை வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போய்விடும். பழைய செம்பழுப்பு அயோடினைவிட, ஸ்பிரிட்டில் கலந்த குளோர்ஹெக்சிடின் மேல் என்று ஆறு மாத ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வின்ஸ்டன் முன்னால் போய் நின்றேன். "மாத்திடலாம் சிஸ்டர் ஜெனிதா" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

புது மருந்துக்கு நிறம் கிடையாது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக மட்டும் அயோடின் பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தோம்.

காரமடைப் பக்கத்து விவசாயி நஞ்சுண்டன் வாரத்துக்கு மூன்று நாள் வருவார். கை ரத்தக்குழாயில் செய்த ஆபரேஷன் தேறி, டயாலிசிஸ் ஊசி குத்தத் தோதாக இரண்டு மாதம் ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான். கூடவே மனைவி காளியாத்தாள். நான் தோலைத் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவதை எட்டி எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க அம்மணி, மருந்து போட்ட மாதிரியே தெரியலீங்களே."

"போட்டாச்சுங்கம்மா. இதுக்கு நிறம் இல்லீங்க."

"அவருக்குக் கால்ல புண்ணு வந்தப்ப செவப்பு மருந்துதானுங்க போட்டாங்க. பத்தே நாள்ல ஆறிப்போச்சு. ஒரு சொட்டு வெச்சுடுங்க கண்ணு."

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். வாய்ச்சண்டையில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அவரோ ஒவ்வொரு தடவையும் அத்தனை மரியாதையாக, கையைப் பிசைந்துகொண்டு கேட்டார். இந்த ஊரில் வளர்ந்த எனக்கு, மரியாதையாகக் கேட்பவரிடம் முகத்தை முறிக்க வராது. நான்காவது தடவை அலமாரியைத் திறந்தேன். புது மருந்தை விட்டுவிட்டு அயோடினால் துடைத்தேன். செம்பழுப்பாகத் தோல் மாறியதும் காளியாத்தாள் முகம் தெளிந்தது. எனக்கும் நல்லது செய்த மாதிரிதான் இருந்தது.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. அயோடின் காய இரண்டு நிமிடமாவது விட வேண்டும். கூட்டமான நாட்களில் அதுவரைகூடக் காத்திருக்காமல் பிளாஸ்திரியை ஒட்டினேன்.

நாலாவது வாரம் நஞ்சுண்டன் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தார். பரிசோதித்தால், தோலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் இருந்தது. குழாயை எடுத்தோம், மருந்துகளை மாற்றினோம். அதற்குள் கிருமி இதய வால்வுக்குப் போயிருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் இறந்துபோனார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதனாலதான்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது சிஸ்டர். ஆனா எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மனசு ஆறவில்லை.

காளியாத்தாள் வெளியே பெஞ்சில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒரு குறையும் வெக்கலீங்க அம்மணி. நாஞ் சொன்னத மதிச்சுக் கேட்டது நீங்க ஒருத்தர்தானுங்க."

அதைத் தாங்க முடியவில்லை.

"அதுதாங்கம்மா தப்பு. நான் கேட்டிருக்கக் கூடாதுங்க. நிறமில்லாத மருந்துதான் நல்ல மருந்து. அத நிறுத்துனதாலகூடக் கிருமி உள்ள போயிருக்கலாமுங்க."

அவர் என் கையை விடவில்லை.

"அப்ப நாந்தான் அவரக் கொன்னுபோட்டனுங்களா கண்ணு?"

"இல்லீங்கம்மா, நான். படிச்சவ நான்." எவ்வளவோ சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. என் நெஞ்சுப் பாரம் குறையட்டும் என்று போனவள், அந்த அம்மாவின் தலையில் அதை ஏற்றிவிட்டேன்.

அவருடைய அண்ணன் மகன் கதிர்வேல் வந்து, "அத்தே, வண்டி வந்துருச்சுங்க" என்றான். காளியாத்தாள் எழுந்தார். "உங்க மேல தப்பில்லீங்க அம்மணி. நாந்தானே திருப்பித் திருப்பிக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிக்குள் ஏறி, புருஷன் காதருகே குனிந்தார். "எனக்குத் தெரியலீங்க, எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிரைவர் கதவைச் சாத்தினார்.

எனக்குத் தெரிந்திருந்தது.