மயில்கழுத்து நிறத்தில் ஒரு கீறல்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பின்னால் உள்ள பூங்காவில், ஷட்டில் ஆடுகிறவர்கள் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு அந்தச் சிமெண்டுத் தளம் எங்களுக்கு. எங்களுக்கு என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோ சுற்றுகிற நாலைந்து பேருக்கு. அந்த 'எங்கள்' என்ற சொல்லில் என்னையும் சேர்த்துக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மாடி வீட்டு ஓவியா அக்காதான் என்னை அங்கே அழைத்துப் போனாள். பொத்தேரியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. விட்ட பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். குன்றத்தூர் மலைப்படியில் மூச்சு வாங்க நின்ற ஒரு அத்தைகூட, "ஏம்மா, மேல படிக்கலையா?" என்றார். பூங்காவில் மட்டும் யாரும் கேட்கவில்லை. முதல் நாள், ஸ்கூல் வேன் ஓட்டும் தினகரன் அண்ணா என் கையைப் பார்த்து, "இன்னாம்மா, கயிறு இம்மா நீளம் கீது? இடுப்பு ஒசரத்துக்கு வெட்டிக்கோ" என்றார். விசாரணை அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓவியா அக்கா ஒரு பாயை விரிப்பாள். எல்லாரும் தங்கள் யோயோவை அதில் வைக்க வேண்டும். முதல் ஆட்டம் அடுத்தவருடைய யோயோவில்தான். பிளாஸ்டிக்கா மெட்டலா என்ற சண்டை ஓயட்டும் என்று அவள் கொண்டுவந்த சட்டம் அது. சண்டை வளர்ந்ததுதான் மிச்சம்.

"பிளாஸ்டிக் எல்லாம் பர்த்டே பார்ட்டி ரிட்டர்ன் கிஃப்ட், மச்சான்" என்பார் டேனியல் அண்ணா. மீனம்பாக்கத்தில் விமானங்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் வேலை. "மெட்டல் எவ்ளோ நேரம் சுத்துது பாரு. ஆட்டமே இல்லாம நிக்குது."

"சுத்தும், நல்லா சுத்தும். கூப்ட்டா வராதே! என்னுது ஒரு இழு இழுத்தா வூட்டுக்கு வந்துரும். உன்னுது மாமியா வூட்டுக்குப் போன மாப்ள. கெஞ்சிக்கினே நிக்கணும்."

தினகரன் அண்ணா சொன்னது உண்மைதான். டேனியல் அண்ணா ஆடும் வகை மெட்டல் யோயோ இழுத்தால் திரும்பாது. கயிற்றை மடித்து அதன் இடுக்கில் கொடுத்தால்தான் மேலே ஏறும்.

என்னுடையது தாம்பரம் ஸ்டேஷன் அருகே வாங்கிய பச்சை பிளாஸ்டிக். விளிம்பெல்லாம் தேய்ந்து வெளுத்துவிட்டது. எனக்கு அழகாக வந்த ஒரே வித்தை நாய் வாக்கிங். யோயோ சுற்றிக்கொண்டிருக்கும்போது மெல்லத் தரையில் தொட விட்டால், சங்கிலியில் கட்டிய நாய் போல முன்னால் ஓடும். எங்கள் மொட்டை மாடியில் அதைத்தான் ஓட்டுவேன். அந்தத் தேய்ந்ததைப் பாயில் வைக்க வெட்கமாக இருந்தது. சுடிதார் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேனியல் அண்ணா புது மெட்டல் கொண்டுவந்தார். மயில்கழுத்து நிறம். மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்தது. சட்டப்படி பாயில் வைத்தார். யாரும் தொடவில்லை.

"நீ எடு" என்று யாரோ தினகரன் அண்ணாவை உந்தினார்கள்.

"ஐயே, நான் மாட்டேன்பா. கீழ போட்டா அவன் அழுதுருவான்."

டேனியல் அண்ணா என் பக்கம் திரும்பினார். "தமிழ், நீ எடும்மா. நீ இதுவரைக்கும் எதையுமே எடுத்ததில்ல."

எடுத்தேன். உள்ளங்கையில் குளிர்ச்சியாக உட்கார்ந்தது. வீசினேன். சத்தமே இல்லை. அது சுற்றுகிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. நின்று, நின்று, சுற்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் எந்த யோயோவும் எனக்காகக் காத்திருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மெல்லத் தரையில் இறக்கிவிட்டேன்.

கர்ர்ரக்.

பூங்காவே திரும்பிப் பார்த்தது போல இருந்தது. மெட்டலைச் சிமெண்டில் ஓட்டுவார்களா? மெட்டல் வைத்திருக்கிறவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுகூட இல்லை, அவ்வளவு தெரிந்த விஷயம். பிளாஸ்டிக்காரியான எனக்குத்தான் அது தோன்றவில்லை. மயில்கழுத்து விளிம்பில் வெள்ளையாக ஒரு கீறல். "அண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வகுப்பறையில் போலவே, குரல் வரவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு இல்லாமல் போயிற்று என்று நினைத்தேன்.

டேனியல் அண்ணா என் விரலிலிருந்து கயிற்றைக் கழற்றினார். கீறலை நகத்தால் தடவினார். முகம் வாடித்தான் போனது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு கயிற்றைத் தன் விரலில் மாட்டி, வீசி, தானே அதைத் தரையில் இறக்கினார்.

கர்ர்ரக். கொஞ்ச தூரம் ஓடவே விட்டார்.

"டேய்! லூசாடா நீ?" என்று கத்தினார் தினகரன் அண்ணா.

டேனியல் அண்ணா அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எது நீ போட்ட கோடு, எது நான் போட்டது? சொல்லு."

உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"எனக்கும் தெரியல. விடு. கீழ பட்டுடுமோன்னு இனிமே பயந்துட்டே ஆட வேணாம் பாரு."

தினகரன் அண்ணா முணுமுணுத்தபடியே வேனிலிருந்து உப்புத்தாள் எடுத்து வந்து, "பிசிறு கீது, கயிறை அறுத்துரும்" என்று விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"சரி, உன்னோடது எங்க தமிழ்? என்னோடதை எடுத்தல்ல. ரூல்னா ரூல்" என்றார் டேனியல் அண்ணா.

பாக்கெட்டிலிருந்து என் பச்சையை எடுத்துப் பாயில் வைத்தேன். அவரே எடுத்தார். மெட்டலை வீசுகிற வேகத்தில் வீசிவிட்டு, பழக்கதோஷத்தில் மடித்துக் கொடுக்கக் கயிற்றை இழுத்தார். அது கேட்காமலேயே பாய்ந்து வந்து அவர் விரல் முட்டியில் 'டொக்'கென்று அடித்தது.

"அம்மா!"

"பாத்தியா மச்சான், கூப்டாமயே வந்துச்சு மாப்ள!" தினகரன் அண்ணா உப்புத்தாளோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஓவியா அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, லேசா இழுத்தா போதும்" என்றேன். நான் பேசியது எனக்கே காதில் விழுந்தது.

விரலை உதறிக்கொண்டே, "அடுத்த வாரம் கத்துக்குடு" என்றார்.

அவர் இன்னமும் மெட்டல் கட்சிதான். என் பச்சையைப் பொம்மை என்றுதான் சொல்கிறார். நீ எந்தக் கட்சி என்று என்னையும் கேட்கிறார்கள். அன்று நன்றி என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டாவது கோட்டுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. இப்போது பாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் முன்னால் போய் அதை விரித்து, முதலில் என்னுடையதை வைக்கிறேன்.