ரப்பர் கைப்பிடி

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அந்தப் பெரியவர், தாம் குளிக்கும்போது யாரையும் அருகில் விடமாட்டார். இடுப்பெலும்பு முறிந்து தேறிய பிறகும் அப்படித்தான். முக்காலியில் அமர்ந்து குளித்து முடித்ததும், சுவரில் திருகாணிகளால் இறுக்கிய கம்பியை இடக்கையால் பற்றித் தாமே எழுந்துகொள்வார். பிறர் குளிப்பாட்டி உயிர்வாழும் நிலை தமக்கு வரக்கூடாது என்பது ஒன்றே அவருடைய பிடிவாதம்.

வீட்டை விற்றுவிட்டு மகனின் அலுவலகத்துக்கு அருகே குடியேறுவதென்று குடும்பமே கூடி முடிவு செய்திருந்தது. பார்வையிட வந்த தரகர் உதட்டைப் பிதுக்கினார். வாசலிலுள்ள சாய்தளத்தைப் பூந்தொட்டிகளால் மறைத்துவிடலாம்; ஆனால் குளியலறைக் கம்பியைக் கண்டால் வாங்க வருபவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வரும், விலை படியாது என்று மகனின் காதில் ஓதிவிட்டுப் போனார்.

பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மகன் கம்பியைப் பெயர்த்துப் புது டைல்ஸ் பதித்தான். அதில் துளையிட அவனுக்கு மனம் வரவில்லை. ரப்பர் கிண்ணங்களால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி ஒன்றை அதே இடத்தில் அழுத்தி வைத்தான். பளபளப்பில் அது அசல் கம்பியேதான். திரும்பி வந்த தகப்பனிடம், டைல்ஸை மட்டுமே மாற்றியதாகக் கூசாமல் சொன்னான்.

மறுநாள் காலை பெரியவர் எழுவதற்காகக் கைப்பிடியைப் பற்றினார். அது கையோடு வந்துவிட்டது. வலக்கையை ஊன்றி விழுந்ததில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

மருமகள்தான் முதலில் வெடித்தாள். "ஒரு தடவையாவது அதைப் பிடிச்சுத் தொங்கிப் பாத்தீங்களா? வாங்க வர்றவங்க முகம் சுளிப்பாங்கன்னு தெரிஞ்சுது. மாமா விழுவாருன்னு தெரியலையா?"

பெரியவர் மாவுக்கட்டுடன் வீடு திரும்பினார். எவருடைய உதவியும் இல்லாமல் இனிக் குளிக்க முடியாது. துண்டுடன் வந்து நின்ற மகனைக் கண்டதும் அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஒரு ஆமை இருந்துச்சாம்டா. முதுகுல என்ன மூட்டைன்னு பருந்து கேட்டுச்சாம். உடனே ஆமையோட புள்ள அதக் கழட்டிப் போட்டுட்டு, இப்ப எங்கப்பா அழகா இருக்காரான்னு பருந்துகிட்டயே கேட்டுச்சாம். பருந்து என்ன சொல்லியிருக்கும்? சொல்லேன்."

மகன் துண்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய், துளையிடும் கருவியோடு திரும்பினான். அதற்குள் தரகர் தொலைபேசியில் அழைத்தார். மாலையில் வீடு பார்க்க ஆள் வருகிறாராம். குளியலறையில் கம்பி இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றான் மகன். விலை இறங்கும் என்று அவர் எச்சரித்தார்.

"இறங்கட்டும்ங்க. நான் பொய் சொல்லி எங்கப்பாவை விழ வெச்சவன்."

பிறகு தகப்பனைக் கைத்தாங்கலாக முக்காலியில் அமர்த்தினான். "உங்க கை எங்க போகுதுன்னு காட்டுங்கப்பா."

பெரியவர் சுவரை முறைத்தபடியே இடக்கையை நீட்டினார். விரல் தொட்ட இடத்தில் கருவி இறங்கியது. புது டைல்ஸ் ஒன்று குறுக்கே விரிசல் விட்டது. மகன் நிறுத்தவில்லை. பழைய கம்பியைப் பொருத்தி, கால்களை மடக்கித் தன் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டுக் காட்டினான்.

பெரியவரின் கோபம் தணியவில்லை. "இன்னும் இறுக்குடா" என்றார்.

இறுக்கினான்.