நேராகப் போனவள்

படிவத்தின் ஏழாவது கட்டத்தில் இப்படிக் கேட்டிருந்தார்கள்: "மோதலுக்கு முன் நீங்கள் ஏன் சைக்கிளை நிறுத்தவில்லை?"

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நேராகப் போனவள். சைக்கிளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய பாதையில், பச்சை விளக்கு எரியும்போது, என் பாட்டுக்குப் போனவள். குறுக்கே திரும்பியது வேன். திரும்புகிறவர்தான் நின்று, நேராகப் போகிற சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அந்த முனையிலேயே ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி எனக்காம். திருட்டுக் கொடுத்தவனைக் கூப்பிட்டு, நீ ஏனய்யா வீட்டில் பொருள் வைத்திருந்தாய் என்று கேட்பார்களா?

எழுதிக் கிழிக்கலாம் என்றால் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். பதினாறு வருடமாகக் கிண்ணத்தில் மாவைக் கரைத்து, அடுத்தவர் ஈறுக்கு அச்சு எடுப்பதுதான் பிழைப்பு. கட்டுப் போட்ட நர்ஸ் மாவைத் தண்ணியாகக் கரைத்தபோது, இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கரையுங்கள் என்று வலியோடு வலியாக நானே சொன்னேன். லேபில் இப்போது மெழுகுக் கத்தியைத் தொடவிடுவதில்லை. "ஆறு வாரம் டெலிபோன் எடும்மா" என்று ஓனர் வாசல் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். உட்கார வைத்ததோடு விட்டாரா? "பார்த்துப் போகக் கூடாதா?" என்றார். டாக்டர் அதையே சொன்னார். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் வழிமறித்துச் சொன்னார். இடித்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, இடிபட்டவளுக்குத்தான் ஊர்ப்பட்ட புத்திமதி.

இடித்தவன் யார் என்பதைச் சொல்லவில்லையே. என் தம்பி. கூடப் பிறந்தவன்.

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அன்று காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மருந்துக்கடை முனைக்குக் காலி வேனில் வந்துகொண்டிருந்தான். எனக்குப் பின்னால் 'பீப் பீப்' என்று இரண்டு குட்டி ஹாரன் கேட்டது. பத்து வருடமாகக் கேட்கிற ஹாரன் அது. என்னைத் தாண்டும்போதெல்லாம் அப்படித்தான் அடிப்பான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினேன். வேன் என்னைத் தாண்டியது. தாண்டிய கையோடு மூக்கைத் திருப்பியது. என் முன்சக்கரம் அதன் கதவில் போய் விழுந்தது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்ததும், மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததும்தான். தம்பிதான் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரி, பொய்க்காரி இல்லை.

பிள்ளைகளை ஏற்றிப் போக அவனிடம் தனி உரிமம் இருக்கிறது. தப்பு அவன் பேரில் என்று ஆகிவிட்டால் அதை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வேன் கையை விட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். நான் அதில் என்ன எழுதப் போகிறேன் என்பது தவிர எங்கள் குடும்பத்தில் வேறு பேச்சே இல்லை. மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட ஆளில்லை.

நானும் அம்மாவும் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். அம்மா எனக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்.

"முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் சேதாரம் சேலைக்குத்தான்டி. நாமதான் பார்த்து ஒதுங்கிப் போகணும்."

"சேலைக்கே எத்தனை நாளும்மா சொல்லுவ? முள்ளுகிட்ட ஒரு தடவ சொல்லிப் பாரேன்."

"அவன் புள்ளகுட்டிக்காரன்."

"என் கையில இருக்கறது என்ன, வளையலா?"

சீப்பு தலையில் நறுக்கென்று இறங்கியது. அதுதான் அவள் பதில்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். சோபாவின் நுனியில் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தான். நான் சொல்வது போலவே எல்லாம் அதில் எழுதி முடித்திருந்தது. 'நான் சைக்கிளில் வேகமாக வந்தேன். ஓட்டுநரின் கண்ணுக்கு மறைவான இடத்தில் இருந்ததால் அவரால் என்னைப் பார்க்க இயலவில்லை. நான் கவனித்து நின்றிருக்க வேண்டும்.'

"யார் எழுதினது இது?"

"வேன் ஓனரு எழுதினதுக்கா. இதப் பார்த்துப் படிவத்துல எழுதிட்டா போதும்னாரு."

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. வாரத்துக்கு ரெண்டு தடவ செயின் கழல்ற சைக்கிளுக்கு வேகம் வேற குடுத்திருக்காரு." தாளை அவன் பக்கம் தள்ளினேன். "நீ என்னைப் பார்க்கலையா?"

"பார்க்கலக்கா. சத்தியமா."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதடா. ஹாரன் அடிச்சியே, யாருக்கு அடிச்ச? மருந்துக்கடைக்கா?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, "இப்ப எதுக்கு அதெல்லாம் கிளறுற?" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. நான் தூக்கத்தில்கூட மறக்காத ஹாரனை அடித்தவன் என்னைப் பார்க்கவே இல்லை என்று, என் கை ஒடிந்த ஒரே வாரத்தில், நானே எழுத வேண்டுமாம்.

"சொல்லுடா. யாருக்கு அடிச்ச?"

"உனக்குத்தான்!" என்று கத்தினான். "பார்த்தேன். போதுமா? நீன்னு தெரிஞ்சுதான் திரும்பினேன். வேற யாராவது வந்திருந்தா நின்னிருப்பேன்க்கா. தினமும் நிக்கிறேன், அந்த முனையில யாரை வேணா கேட்டுப் பாரு. நீ நிப்பேன்னு நெனச்சேன். நீதான் எப்பவும் நிப்பியே!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அம்மா. "எப்பவும் விட்டுக் குடுத்துட்டு நிக்கிறவதானே. அன்னைக்குன்னு பார்த்து இவளுக்கு என்ன வந்துச்சு?"

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய வீட்டில் ஒரே குளியலறை. காலையில் நான் தோளில் துண்டோடு கதவு முன்னால் நிற்பேன். அவன் எழுந்த வேகத்தில் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போடுவான். "சின்னப் பையன், விடு" என்பாள் அம்மா. அவனுக்கு மீசை முளைத்த பிறகும் அவன் சின்னப் பையன்தான். பரீட்சை நாளில்கூட நான் அரைகுறையாக முகம் கழுவிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சண்டை போட்டதில்லை. நின்று நின்று, நிற்பதுதான் என் சுபாவம் என்று வீடே முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தி சைக்கிளில் வந்திருந்தால் அவளுக்கு இவன் நின்றிருப்பான். அவனுடைய அக்காவாக இருந்ததற்குத்தான் எனக்குக் கை ஒடிந்திருக்கிறது.

"பேனாவ எடு" என்றேன்.

"எதுக்கு?"

"என் கை எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுது."

"வேலை போயிடும்க்கா."

"தெரியும். வேற வேலை தேட உன் கூடத் தெருத்தெருவா நானும் வரேன். இந்தப் பொய்க்கு மட்டும் வர மாட்டேன்."

"கூடப் பிறந்தவன்னு ஒரு இது இல்லையாடி உனக்கு?" என்றாள் அம்மா.

"கூடப் பிறந்தவன்னுதாம்மா இடிச்சிருக்கான்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொல்லவில்லை. தேதி, நேரம், முனை. நான் நேராகப் போனேன். விளக்கு பச்சை. வேன் என்னைத் தாண்டித் திரும்பியது. திரும்பும் முன் நிற்கவில்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்திருந்தார் என்று சொன்ன இடத்தில் பேனா நின்றது. என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் பார்ப்பான், நானும் கொடுத்துவிடுவேன்.

"எழுதுடா" என்றேன்.

எழுதினான். ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்து ஏழாவதில் நின்றான்.

"இது ஒன்னு இருக்குக்கா. ஏன் நிறுத்தலன்னு."

"அது ஒரு கேள்வியா? காலியா விடு."

"காலியா விட்டா வாங்க மாட்டாங்க."

எனக்கு மறுபடியும் எரிச்சல் பொங்கியது. நேராகப் போகிறவள் ஏன் நிறுத்த வேண்டும் என்று எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். நியாயமான பதில் அதுதான். ஆனால் ஒரு வாரமாகக் கட்டுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அது இல்லை.

"எழுது" என்றேன். "ஹாரன் சத்தத்தை வைத்து, ஓட்டுகிறது என் தம்பி என்று தெரிந்தது. தம்பிதானே, என்னை விட்டுவிட்டுத்தான் திரும்புவான் என்று நினைத்தேன். அதனால் நிறுத்தவில்லை."

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. எழுதினான். எழுத்து சரிந்து சரிந்து, கட்டத்துக்கு வெளியே போய் முடிந்தது. வேன் ஓனர் கொடுத்த தாளை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தான். பேனாவை என் இடது கையில் கொடுத்து, தாள் நகராமல் இருக்க இரண்டு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்தான்.

இடது கையால் கையெழுத்துப் போட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. முடிக்கும்வரை காத்திருந்தான்.