கைப்பிடிக்குப் பின்னால் ஒரு குழி

கார் வாங்கி ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இந்த வயதில் அதற்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டப்போகிறேன் என்று ஒரு மனிதர் கிளம்பினால், வீட்டில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

"கிழவிக்கு ஃபேஷியலா?" என்றாள் டீச்சர். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கண்ணாடி போன்ற சுருளை விரலால் சுண்டிப் பார்த்தாள். "அதுவும் வீட்டிலேயே?"

"முழுசா இல்ல. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால ஒரு குழி இருக்குல்ல, அது நாலுக்கும் மட்டும். அங்கதான் நகம் பட்டுக் கீறும்."

"கடையில குடுத்தா நிமிஷத்துல ஒட்டித் தந்துடுவாங்க."

தேய்த்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், "அவங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று மாற்றிச் சொன்னார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் மழலையர் பள்ளியில் பாடம் எடுப்பவள். நாற்பதைத் தாண்டி அவள் செய்துகொண்ட முதல் கல்யாணம் இது; அவருக்கு இரண்டாவது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெயர் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் இன்னும் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

முதல் மனைவியைக் குடும்பத்தில் எல்லோரும் புயல் என்பார்கள். எதையும் நிதானமாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. செருப்பு மாட்டும்போதே கார்க் கதவை இழுப்பாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக் கதவின் குழியில் அவள் நகங்கள் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தன, பிறை பிறையாக. "நகத்தை வெட்டு, இல்ல கதவ விடு" என்று அவர் எத்தனை முறை சண்டை போட்டிருப்பார்! "ரொம்பப் பதறினா காரை மடியில தூக்கி வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அப்படியே இழுப்பாள்.

அவள் இறந்துபோன பிறகு புடவைகள் சொந்தக்காரர்கள் கைக்குப் போயின. செல்போன் உயிர்விட்டது. ஒரு காலை வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் அந்தக் கோடுகள் அவர் கண்ணில் பட்டன. அவள் கை பட்டு உண்டானது, அவளைத் தவிர வேறு யாராலும் உண்டாக்க முடியாதது, அது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. அன்று முதல் அந்தக் கதவை அவரைத் தவிர யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார். யார் ஏறினாலும் ஓடிப்போய்த் திறந்துவிடுவார். டீச்சருக்கும் அப்படித்தான். இந்தக் காலத்தில் கதவு திறந்துவிடும் புருஷனா என்று அவள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. அவள் வெட்கத்தோடு வந்து அதைச் சொன்னபோது, அவர் சிரித்து வைத்தார். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு முறை கழுவும்போதும் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கெடுத்துக்கொண்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறவருக்கு, தேய்மானம் எங்கே போய் முடியும் என்று தெரியும். மேலே ஃபிலிம் ஒட்டிவிட்டால் அப்படியே நிற்கும். அதற்குத்தான் இத்தனையும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். அவர் கைபேசியில் வீடியோவை ஓட்டினார். முதலில் கழுவ வேண்டும். அடுத்து பாலிஷ் போட்டுக் கீறல்களை எடுக்க வேண்டும். எடுக்காமல் ஒட்டினால் கீறல் ஃபிலிமுக்கு அடியில் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும் என்று வீடியோக்காரன் இரண்டு முறை எச்சரித்தான். டீச்சர் பாடம் கேட்கும் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

மூன்று குழிகளை அவர் பாலிஷ் போட்டு முடித்தார். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, வெட்டிவைத்த துண்டைப் படுக்கவைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார். மடிப்பு விழுந்த இடத்தில் அவள் ஹேர் டிரையர் பிடித்தாள்.

"இவ்வளவு பக்குவமா எனக்குக்கூட ஒரு பொட்டு வச்சு விட்டதில்ல நீங்க."

"நீ அசையாம நிக்க மாட்டியே."

ஓரம் பிடிப்பதற்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர் அடிக்க வேண்டும். அது தீர்ந்துபோனது. "மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். கோடுகள் இருந்த அந்த நாலாவது கதவைப் பற்றி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. என்ன சொல்வது?

மருந்துக் கடை வாசலில் மைத்துனன் எதிர்ப்பட்டான். புயலின் தம்பி. அக்கா இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை. இருவரும் பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

டீச்சர் நெற்றி வியர்வையைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டு நின்றாள். கையில் மஞ்சள் துணி. முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்கு இடுப்பு வலின்னு பாலிஷை நானே போட்டு முடிச்சுட்டேன். இந்தக் கதவுதான் ரொம்ப மோசம், ஒரே கோடு. விடுவேனா? வந்து பாருங்க, முகம் தெரியும்."

அவர் குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது. அத்தோடு அது முடிந்துபோயிருக்கும். ஆனால் மைத்துனனும் பின்னாலேயே குனிந்தான்.

"மாமா, இந்தக் கதவுதானே அக்காவோட..."

"சும்மா இருடா."

"இல்ல, அந்த நகக் கோடு..."

மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் நிறுத்திக்கொண்டான். "நான் மேல போய் டீ போடறேன் டீச்சரம்மா" என்று யாரையும் பார்க்காமல் படியேறிவிட்டான்.

டீச்சர் துணியைப் பார்த்தாள். மாவு மாதிரி வெளுத்த பாலிஷ் அதில் அப்பியிருந்தது. உதறப்போனவள், உதறாமல் மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க கீறினதா?"

அவர் தலையசைத்தார்.

"அதை வச்சுக்கத்தான் ஃபிலிமா?"

"ம்."

அவள் கண் கைப்பிடிக்குப் போனது; மிச்சத்தை அவளாகவே புரிந்துகொண்டாள். "அதனாலதான் எனக்குக் கதவு திறந்துவிட்டீங்களா?"

பொய் சொல்லலாம், அவள் நம்பக்கூடச் செய்வாள். "முதல்ல அதனாலதான்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம்... பழகிடுச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "ஸ்டாஃப் ரூம்ல எவ்வளவு பீத்திக்கிட்டேன் தெரியுமா?"

"டீச்சர்..."

"சொல்லியிருந்தா அந்தக் கதவுகிட்டவே வந்திருக்க மாட்டேன். யாரையும் விட்டிருக்கவும் மாட்டேன். இப்படி என் கையாலேயே அழிக்க வச்சுட்டீங்களே."

"எப்படிச் சொல்றது? நம்பி வந்தவகிட்டப் போய், இதைத் தொடாத, இது அவளோடதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்றாள்.

அவர் விரலைக் குழிக்குள் விட்டுத் தடவினார். வழுவழுவென்று இருந்தது, புது லென்ஸ் மாதிரி. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். பாலிஷ் அப்பிய தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளோடு அவரைத் தொட மனம் வராமல் நின்றுவிட்டாள்.

"அவளைப் பத்தி உனக்குச் சொல்லவா?" என்றார் அவர். "எல்லாத்தையும்."

இத்தனை மாதமாக அவள் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்தபோது வரவில்லை.

"இன்னிக்கு என்னால கேக்க முடியாது" என்றாள். "இன்னொரு நாள் கேக்கறேன். கண்டிப்பா கேக்கறேன்." வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சத்தம் மேலே போனது.

நாலாவது துண்டு பானெட்டின் மேல் கிடந்தது. காற்றில் புரண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கப் பார்த்தார். ஒரு முனையை விடுவித்தால் இன்னொரு முனை போய் ஒட்டியது. விட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

சமையலறையில் மைத்துனன் டீயை வெறுமனே ஆற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் கைகழுவும் தொட்டியில் விரல்களுக்கு இடையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எப்போதோ சுத்தமாகிவிட்ட கைகள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து போகவும் இல்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.