மண் வாடகை

நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டு வரவு செலவைப் பார்த்து முடித்துவிட்டுக் குப்பையை வெளியே வைக்கப் போன ரெய்னோ லாட்டிக்குப் பனியில் காலடித் தடம் விழவில்லை. முழங்கால் உயரப் பனி. அவன் போனான், வந்தான். முற்றம் விரித்த போர்வை மாதிரி அப்படியே கிடந்தது. எதிர் வீட்டு கார்லா ஜன்னல் வழியாக இதைப் பார்த்தாள். இந்த வருஷம் பனி நல்ல இறுக்கம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

சுப்பீரியர் ஏரிக்கு இந்தப் பக்கம், வண்டியில் இழுத்து வந்து நிறுத்திய வீடுகளாலான எங்கள் டிரெய்லர் குடியிருப்பில், வீடு அவரவருடையது, கீழே இருக்கும் மண் வேறு ஆளுடையது. மண்ணுக்கு மாத வாடகை. பழைய உரிமையாளர் இருந்தவரை அது ஒரு பொருட்டாகவே இல்லை. ரெய்னோ பள்ளிப் பேருந்து ஓட்டினான், அவன் மனைவி வெர்னா அதே பள்ளியில் சமைத்தாள். மாதக் கடைசி ஞாயிறுதோறும் ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் பார்ப்பார்கள். மிஞ்சியதை என்ன செய்வது என்று சிரித்துச் சண்டை போடுவார்கள். பிறகு உரிமையாளர் செத்துப்போனார். எங்கோ தெற்கே இருக்கும் ஒரு கம்பெனி இடத்தை வாங்கியது. அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவரும் இங்கே வந்து பனியை மிதித்ததில்லை. வாடகை மட்டும் ஏறியது, திரும்பவும் ஏறியது. சாலையில் பனி அள்ள ஆளில்லை, பராமரிப்புக் கட்டணம் என்று அதற்கும் ஒரு தொகை வந்தது.

செலவில் எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. வெர்னா பென்சிலை எடுப்பதற்குள் ரெய்னோ முந்திக்கொள்வான். நவம்பரில் தன் வெள்ளிக்கிழமை பீரை வெட்டினான், தடம் போனது. டிசம்பரில் உடைந்த பல்லைக் கட்டும் செலவை வெட்டினான். மறுநாள் காலை சவரம் செய்யப் போனால் கண்ணாடியில் துண்டு இருந்தது, சுவர் இருந்தது, அவன் முகம் இல்லை. அன்றிலிருந்து வெர்னாவே அவனை நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் செய்துவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜனவரியில், இரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றான். அந்த வாரமே படுக்கையில் அவன் பக்கம் பள்ளம் விழுவது நின்றது. பேருந்தில் பிள்ளைகள், ஓட்டுநர் இருக்கை இப்போதெல்லாம் கிறீச்சிடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் இருமல் மருந்து வாங்கப் போன வெர்னாவிடம் மருந்துக்கடை ஜாய்ஸ் கேட்டாள்: "ரெய்னோ சௌக்கியமா? புது வருஷத்துலேர்ந்து மாத்திரை வாங்க ஆளையே காணோமே. டாக்டர் எழுதுன சீட்டு இங்கதான் கிடக்கு." வெர்னா இருமல் மருந்தை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு. வாடகை மறுபடி ஏறியிருந்தது.

"டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்னு சொன்னியே, எந்த டாக்டர்? அந்தக் கம்பெனிக்காரனா?"

"வாடகை கட்டணுமே, வெர்னா. குறையறது நான் ஒருத்தன்தானே. எனக்கு ஒண்ணும் பெருசா தெரியலை."

"எப்படித் தெரியும்? உன் மூஞ்சியே உனக்குத் தெரியலை! உன்கிட்ட யாருய்யா தியாகம் கேட்டா? நான் கேட்டேனா?"

"கத்தாதே. இந்த மாசம் மத்தியானச் சாப்பாட்டை நான்…"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காபிக் கோப்பையைப் பிடித்திருந்த அவன் கையை ஊடுருவி ஜன்னல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. வெர்னா மேசையில் ஓங்கி அறைந்தாள். ரொட்டித் தட்டு கீழே விழுந்து உடைந்தது.

"நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குய்யா வாடகை கட்டணும்?"

பென்சிலைப் பிடுங்கி மண் வாடகை என்ற வரியை அடித்தாள். தாள் கிழிந்து மேசையில் கோடு விழும்வரை அடித்தாள். பிறகு வேறு தாள் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே மாத்திரை என்று எழுதினாள், அடுத்து பல், அதற்கடுத்து பீர். அவனுடைய பீரைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்காது, இருந்தும் எழுதினாள். வீடு ஒருமுறை முனகியது. கோப்பைகள் ஆடி அடங்கின.

மறுநாள் காலை லாட்டி வீடு தரையிலிருந்து இரண்டு சாண் மேலே நின்றது. அடியில் பனிக்காற்று தாராளமாகப் போய் வந்தது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் நீண்டுகொடுத்தன. அவற்றின் கட்டணத்தை வெர்னா வெட்டவில்லை. வாடகை வசூலிக்கக் கம்பெனி உள்ளூரிலேயே அமர்த்தியிருந்த மேலாளர் டக் ஹென்லி வந்தார், வாசலுக்கு எப்படி ஏறுவது என்று தெரியாமல் கீழேயே நின்றார்.

"எதுக்கு வாடகை?" என்றாள் வெர்னா.

"நிலத்துக்கும்மா."

"எந்த நிலம்? குனிஞ்சு பாரு."

டக் குனிந்தார், பிறகு பனியில் படுத்து வீட்டுக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. "இதுக்குன்னு ஒரு சட்டம் இருக்கும்," என்றார், உடையைத் தட்டிக்கொண்டே.

"இருக்கும். தேடி எடுத்துட்டு வா. வரும்போது பனி அள்ற மண்வெட்டியையும் கொண்டு வா."

மார்ச் முடிவதற்குள் கார்லாவும் வாடகை வரியை அடித்தாள், அவள் வீடு எழுந்தது, அதையடுத்துக் குடியிருப்பில் பாதி எழுந்தது. கோபம் போதாதவர்கள் வீடு ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. அவர்கள் அடுத்த மாதக் கணக்கை இன்னும் கவனமாகப் பார்த்தார்கள். வழக்குப் போட்ட கம்பெனியிடம், காற்றுக்கு வாடகை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். கம்பெனி அவகாசம் வாங்கியது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டருக்குள் ரெய்னோவின் முகம் கண்ணாடிக்குத் திரும்பியது, கொஞ்சம் வயதாகி. படுக்கையில் பள்ளம் விழுந்தது; இடத்தை அடைக்கிறான் என்று வெர்னா திட்டினாள். காலடித் தடம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவளுடைய கோபமும் தீரவில்லை. பள்ளியில் சூப்பைக் கிளறும்போதும் அந்தக் கம்பெனியை நினைத்து அகப்பையைப் பாத்திரத்தில் ஓங்கித் தட்டுவாள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு பனி உருகி, தரை இன்னும் கீழே போயிருந்தது. வாசற்படி எட்டவில்லை, ஒரு பலகை வேண்டும் என்றான் ரெய்னோ. மட்டமான பலகை வாங்கி விழுந்து தொலையாதே, ஓக் மரத்தில் வாங்கு என்றாள் வெர்னா. அவன் பலகை என்று எழுதி, பக்கத்தில் விலையைப் போட்டான்.